ஏழாம் நம்பர் காட்டில் இறங்கிய விமானம்

முதலில் சத்தம் நின்றது.

அதுவரை தையல் மிஷினை வேகமாக மிதிப்பது போல ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கிரவுண்டைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களின் உச்சியைத் தாண்டி, பதினோரு அடி இறக்கையோடு என் விமானம் போய்க்கொண்டிருந்தது. தரையை விட்டுக் கிளம்பி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதன் முதல் பறப்பு அது.

மோட்டாரை நான் நிறுத்தவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டில் என் இடது கட்டைவிரல் வேகக் குச்சியைப் பாதிக்கு மேல் தள்ளியபடியேதான் இருந்தது.

"ஏம்மா, ஆஃப் பண்ணிட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் சத்தத்தக் காணோம்?"

வலது குச்சியை அசைத்துப் பார்த்தேன். விமானம் கேட்கவில்லை. முழுக்கத் தள்ளினேன். அப்போதும் கேட்கவில்லை. லேசாக இடது பக்கம் சாய்ந்து, தன் பாட்டுக்கு வட்டமடிக்க ஆரம்பித்தது. மேலே இருந்து வந்த காற்று அந்த வட்டத்தையே சரிவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

என் வீட்டுக்காரர் கிரவுண்டு ஓரத்துக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எப்போதும் சிரிப்பு இருக்கிற முகம் அது.

"எஸ்தரு, கீழ ஆளுங்க இருக்காங்க. ஏழாம் நம்பர் பூரா ஆளுங்க!"

பாயில் இல்லாத வீடு இல்லை

இந்தத் தொடரில் போன வாரங்களில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டைப் பற்றியும் ஃபேக்டரியைப் பற்றியும் எழுதியபோது, போகிற போக்கில் "நான் செய்த விமானம்" என்று ஒரு இடத்தில் எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு, பொம்மை விமானமா, நிஜமா, ஆள் ஏறலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஆள் ஏற முடியாது. ஆனால் பொம்மையும் இல்லை. ஏழு கிலோ எடை. முன்னால் சுற்றுகிற விசிறி விரலை எடுத்துவிடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஃபேக்டரியின் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். பத்தாவது பாஸ். என் வீட்டுக்காரர் செல்வராஜ் அதே ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். ஒரே மகள், கோயம்புத்தூரில் நர்ஸ்.

பேக்கிங் செக்‌ஷன் என்றால், காய்ந்து சலித்துத் தரம் பிரித்து வந்த தேயிலையைச் சாக்கில் நிரப்பி மூடுகிற இடம். சணல் சாக்கு இல்லை. பல மடிப்புக் காகிதம்; உள்பக்கம் வெள்ளியாக மினுக்கும் பாயில், அதாவது அலுமினியத் தாள், ஒட்டியிருக்கும். தேயிலைக்கு எதிரி ஈரம். எங்கள் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிழிந்த சாக்குகளை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். அதனால் எங்கள் லைனில் பாயில் இல்லாத வீடு கிடையாது. உப்பு, தீப்பெட்டி, ரேஷன் சர்க்கரை, பிள்ளைகளின் சர்டிபிகேட், கல்யாணப் புடவை, பைபிள் எல்லாமே பாயிலுக்குள்தான். என் மகள் நர்சிங் சேரப் போன அன்று, ஆபீசில் இருந்தவர் சர்டிபிகேட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, டீ வாசம் அடிக்குது?" என்று கேட்டாராம்.

ஈரம் படக்கூடாதா, பாயிலில் சுற்று. நாங்கள் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை இது. கை தானாகச் செய்யும்.

அந்த செக்‌ஷனில் இன்னொரு பழக்கமும் உண்டு. சாக்கின் வாய் திறந்திருக்கும்போதே எடை, தரம், மணம் எல்லாம் பார்த்துவிட வேண்டும். பார்த்தபின் மடித்து மூடிவிட்டால் பிறகு திறக்கவே கூடாது. திறந்தால் ஈரம் ஏறும். பார், மூடு, அடுத்ததற்குப் போ. இருபது வருஷத்துக்கு மேல் என் கை இதையே செய்திருக்கிறது.

வீட்டுக்குள் மாடு

நான் அதிகம் பேசமாட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. பள்ளிக்கூடத்தில் தெரிந்த பதிலுக்கும் கை தூக்கியதில்லை. தூக்கினால் எழுந்து நிற்கச் சொல்வார்களே.

ஊரே கதவடைத்து உட்கார்ந்திருந்த அந்த நோய்க்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஃபேக்டரிக்கு ஒரு புது மிஷின் வந்தது. அதைச் சுற்றி வந்த தெர்மோகோல் பலகைகளை என் வீட்டுக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். மழைக்காலத்தில் கோழிக்கு மறைப்பு வைக்கலாம் என்று திட்டம். அதில் ஒரு துண்டைக் கத்தியால் சீவி, இறக்கை மாதிரி செய்து, வாசலில் நின்று வீசினேன். ஏன் வீசினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அது நாலு வீடு தள்ளிப் போய், ஒருவர் துணி காயப்போட்டிருந்த கொடியில் மெதுவாக உட்கார்ந்தது.

அன்றைக்குத் தொற்றியதுதான்.

மகளின் பழைய போனில் விமானம் செய்கிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். யாரோ எந்த நாட்டிலோ பேசுவார். பாஷை புரியாது, கை புரியும். ஒரே இடத்தைப் பத்துத் தடவை திரும்பப் போட்டுப் பார்க்கலாம். "இன்னுமா புரியல?" என்று போன் கேட்காது. எனக்கு அது போதுமாக இருந்தது.

சின்னச் சின்னதாக ஐந்து செய்தேன். இரண்டு உடைந்தன. ஒன்று கேத்தியில், என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவருடைய கேரட் தோட்டத்தில், அறுவடை முடிந்த மண்ணில் இருபது நிமிஷம் பறந்தது. அப்புறம்தான் பெரிதாக ஒன்று செய்ய ஆசை வந்தது. சின்ன விமானம் காற்றில் நடுங்கும். பெரிது நடுங்காது, போகும். அந்தப் போக்கை நான் பார்க்க வேண்டும்.

இரண்டு வருஷம் ஆனது. ஹீட்டர் கம்பியைச் சூடாக்கித் தெர்மோகோலை அறுத்து இறக்கை. அதன் மேல் பசை தடவி ஒட்டிய பழுப்புக் காகிதம். உடம்புக்கு மெல்லிய பிளைவுட். மோட்டார், பேட்டரி, ரிமோட் எல்லாம் மகள் வாங்கி அனுப்பியது. வயர் வேலை மட்டும் என் வீட்டுக்காரர். மற்றதில் கை வைக்க அவரை விடவில்லை.

எங்கள் வீட்டில் முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. இறக்கையை முன்னறையில் வைத்தால் நுனி அடுப்பைத் தொடும். என் நாத்தனார் புஷ்பம் கொழுந்து பறிக்கிறவள். சாயந்திரம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள்.

"அண்ணி, ஊட்டுக்குள்ள மாட்டக் கட்டிப் போட்ருக்கீங்களே, பால் எப்பக் கறப்பீங்க?"

நான் சிரித்துக்கொண்டு பசை தடவுவேன்.

"அண்ணா, உனக்குப் படுக்க எடம் இருக்குதா? இல்லீன்னா எங்க ஊட்டுக்கு வந்துரு."

"நான் எறக்கைக்கு அடியில படுத்துக்கறேன். மழை ஒழுகுனாலும் நனைய மாட்டேன்," என்பார் அவர்.

மழை என்று அவர் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு அதுதான் கவலை. பிளைவுட் ஈரத்தில் ஊறினால் முறுக்கிக்கொள்ளும். ஒரு ஜூன் மாதம் முழுக்க ஊறி, உடம்பின் அடிப்பாகம் வாழைமட்டை போல வளைந்துவிட்டது. அதைப் பிரித்துப் புதிதாகச் செய்தேன். இந்தத் தடவை உள்பக்கம் முழுவதும், நாலு சுவர், மேல்மூடி எல்லாவற்றிலும், ஒரு கோடுகூட விடாமல் சாக்கிலிருந்து உரித்த பாயிலை ஒட்டினேன். மோட்டாருக்குக் காற்றுப் போக மூக்கில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை.

மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளிப் பாத்திரம் போல இருந்தது. அவ்வளவு அழகாக வேறு எதையும் நான் ஒட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை

கிரவுண்டில் பறக்கவிட மேனேஜரிடம் அனுமதி கேட்டவர் என் வீட்டுக்காரர். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன். மேனேஜர், "ஒரு தடவை பாக்கலாம் செல்வராஜ். ஏதாவது ஆச்சுன்னா அதோட சரி," என்று சொல்லிவிட்டார்.

அப்போது கொழுந்து நிறைய வருகிற சமயம். ஞாயிற்றுக்கிழமையும் பறிப்பு இருந்தது. ஆனால் பறிப்பு பன்னிரண்டாம் நம்பர் காட்டில்தான் (தேயிலைப் பகுதியை நாங்கள் காடு என்போம்), மலைக்கு அந்தப் பக்கம், என்று சனிக்கிழமையே விசாரித்து வைத்திருந்தோம். ஞாயிறு காலையில் பன்னிரண்டாம் நம்பரில் ஒரு காட்டெருமைக் கூட்டம் வந்து படுத்துக்கொண்டது எங்களுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் ராஜாமணி அக்கா பெண்களை அப்படியே திருப்பி, ஏழாம் நம்பருக்குக் கூட்டி வந்துவிட்டார். கிரவுண்டுக்கு நேர் கீழே இறங்குகிற சரிவுதான் ஏழாம் நம்பர். ஓரத்தில் போய் நின்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான் எட்டிப் பார்க்கவில்லை.

பறப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு முப்பது அடி தூரம் நடந்து போய், அங்கிருந்து குச்சியை அசைக்க வேண்டும். விமானத்துக்குள் இருக்கிற ரிசீவர் அதைக் கேட்டு இறக்கைத் தகடுகளை அசைக்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்தேன். மூடியைத் திறந்து வைத்து, ரிசீவரின் பச்சை விளக்கு எரிவதை என் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் செய்தேன்.

"எரியுது, எரியுது, இன்னும் போ. எரியுது!"

முப்பது அடி இல்லை, ஐம்பது போனேன். ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து மூடியை வைத்து நாலு ஸ்குரூவையும் இறுக்கினேன்.

பார், மூடு, அடுத்ததற்குப் போ.

புல்லின் மேல் ஓடிக் கிளம்பிய நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சக்கரம் குலுங்கியது, குலுங்கியது, பிறகு குலுங்கவில்லை. தரையில் அதன் நிழல் தனியாகப் போனது. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "ஏய்... ஏய்... போகுதுடீ!" என்று கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை "டீ" போட்டது அந்த ஒரு தடவைதான்.

நடுங்காமல் போயிற்று. நான் நினைத்தபடியே.

அப்புறம்தான் அந்தச் சத்தம் நின்றது.

மூக்கு

சத்தம் நின்றதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உடனே தெரிந்தது. ரிமோட் சொல்வது ரிசீவருக்குக் கேட்காமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வைக்க முடியும். மோட்டாரை நிறுத்தி, இடது பக்கம் வட்டமடி என்று சொல்லி வைத்திருந்தேன். அதைத்தான் அது செய்தது. கிரவுண்டுக்கு மேலேயே வட்டமடித்து மெல்ல இறங்கும் என்பது என் எண்ணம். காற்றை நான் நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். கீழே ராஜாமணி அக்கா நிமிர்ந்து பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார்.

அது காட்டெருமைக்கு ஊதுகிற விசில். அதைக் கேட்டால் பெண்கள் பறிப்பதை அப்படியே விட்டுவிட்டு, காட்டின் அடியில் இருக்கிற ரோட்டுக்கு ஓடி, ஒன்றாக நிற்க வேண்டும். அதுதான் வழக்கம். முப்பது பேரும் ஓடினார்கள். ரோட்டில் போய் நெருக்கமாக நின்றார்கள். காட்டெருமைக்கு அது சரி. ஆனால் விமானத்தின் வட்டம் சரிந்து போய்க்கொண்டிருந்ததே அந்த ரோட்டுப் பக்கம்தான்.

அந்தக் கூட்டத்தில் புஷ்பத்தின் பச்சைத் தலைத்துண்டு தெரிந்தது.

அந்த நேரத்தில் ஒரு சத்தம். உர்ர் என்று ஒரு வினாடி மோட்டார் சுற்றி நின்றது.

அண்ணாந்து பார்த்தேன். விமானம் அடுத்த வட்டத்தின் பாதியில் இருந்தது. முழுதாகச் சுற்றி வந்தது. மறுபடியும் உர்ர். இந்தத் தடவை கவனித்தேன். அதன் மூக்கு எனக்கு நேராக இருந்தபோதுதான் மோட்டார் சுற்றியது. முகத்தைத் திருப்பியதும் நின்றுவிட்டது.

மூக்கு என்னைப் பார்த்தால் கேட்கிறது. பார்க்காவிட்டால் கேட்கவில்லை.

ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. காரணம் வேண்டியதில்லை, எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் போதும். இருக்கிற இடத்தில் நின்றால் அது தூரம் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் நான் போய் நிற்க வேண்டும்.

ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையத்தான் வழி. செடிகள் புடவையைப் பிடித்து இழுத்தன. காலையில் பெய்திருந்த தூறல் இலைகளில் நின்றிருந்தது. இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்துவிட்டேன். ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. காட்டின் நடுவில், எல்லாப் பக்கமும் தெரிகிற ஒரு மேட்டில் வந்து நின்றேன்.

விமானம் என் தலைக்கு மேலாகக் கடந்து ரோட்டுப் பக்கம் போனது. மோட்டார் ஓடாததால் இறக்கையில் காற்று கிழிகிற சத்தம் மட்டும், புடவையை உதறுவது போல. ரோட்டில் நின்றவர்களின் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. யாரோ வீறிட்டார்கள். எல்லாரும் அப்படியே குந்தினார்கள்.

அது அவர்களைத் தாண்டிப் போய், இடது பக்கம் திரும்பி, மெதுவாக மலையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.

உர்ர்.

இனி அது முகத்தைத் திருப்பக் கூடாது. வலது குச்சியை லேசாக வலப்பக்கம் தொட்டேன். கேட்டது. வட்டமடிப்பது நின்று நேரானது. ஆனால் உயரம் போதாது. இப்படியே விட்டால் ரோட்டில் குந்தியிருக்கிறவர்கள் மேல் போய் இறங்கும். இடது குச்சியை முழுக்கத் தள்ளினேன். மோட்டார் அலறியது. மூக்கு கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அவர்கள் தலைகளைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, தேயிலை தொடங்குகிற இடத்தைத் தாண்டி, சரிவில் மேலேறி நேராக என்னைப் பார்த்து வந்தது.

"அண்ணி! தள்ளுங்க! அண்ணி!"

புஷ்பத்தின் குரல். நான் தள்ளவில்லை. தள்ளினால் அது கேட்காது.

பறித்து முடித்த தேயிலைச் செடிகளின் மேல்பக்கம் மேஜை போட்டது போலச் சமமாக இருக்கும். அந்த மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வந்ததும் மோட்டாரை நிறுத்தி, மூக்கை மெல்ல, மிக மெல்ல, தூக்கினேன். வேகம் குறைந்தது. வால் முதலில் இலைகளைத் தொட்டது. அப்புறம் வயிறு. பதினோரு அடி இறக்கை முழுவதும் நாலு வரிசைச் செடிகள் மேல் படர்ந்து, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு வந்து நின்றது.

எனக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் இரண்டு வரிசை.

உடைந்த கொழுந்தின் பச்சை வாசம் குப்பென்று வந்தது.

வெள்ளிப் பாத்திரம்

ரோட்டிலிருந்து பெண்கள் ஏறி வந்தார்கள். மேலிருந்து என் வீட்டுக்காரர் என் செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு அம்மா குந்தும்போது முட்டியைத் தேய்த்துக்கொண்டதோடு சரி.

நான் நேராக விமானத்திடம் போனேன். இடுப்பில் சொருகியிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்தேன். ரிமோட்டில் குச்சியை அசைத்தேன். தகடுகள் துள்ளின. மூடியைப் பொருத்தி, ரிமோட்டை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், மூக்குக்குத் தெரியாத இடத்தில் நின்று அசைக்கச் சொன்னேன். ஒன்றும் அசையவில்லை. மூடியைத் திறந்தேன். அசைந்தது.

உள்ளே பாயில் பளபளத்தது.

ரேடியோ அலைக்கும் ஈரத்துக்கும் பாயில் வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டையும் வெளியே நிறுத்திவிடுகிறது. மூக்கில் விட்டிருந்த அந்த உள்ளங்கை அகல ஓட்டை வழியாக மட்டும்தான் என் பேச்சு உள்ளே போயிருக்கிறது. கிளம்பும்போது பக்கத்தில் இருந்ததால் சந்துபொந்துகளில் கசிந்தது போதுமாக இருந்தது. தூரம் போனதும் போதவில்லை. மூடியைத் திறந்து வைத்துச் சோதித்துவிட்டு மூடியது நான்.

திரும்பி ஏறி வந்த என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும், அவர் பாயிலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். அது பாயிலில் சுற்றியிருந்தது. தூறல் நாளென்றால் அவர் அப்படித்தான் வைத்திருப்பார்.

"ஏம்மா... அப்ப மழைக்காலத்துல எனக்குப் போனே வர்றதில்லையே, அது இதனாலதானா?"

"அப்படித்தானுங்க போல."

"அட, இத்தன வருசமா டவர்க்காரனத் திட்டிட்டு இருந்தனே!"

புஷ்பம்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, சீக்கிரம் நிற்காது.

ரிப்போர்ட்

ராஜாமணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. காட்டில் என்ன நடந்தாலும், பாம்பு கடித்தாலும் ஆள் விழுந்தாலும், அன்றைக்கே எழுதி ஆபீசுக்கு அனுப்புவது சூப்பர்வைசரின் வேலை. அவர் நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார். கோபத்திலும் கை நிதானமாக இருந்தது.

"செல்வராஜு, இத ஓட்டுனது நீயா?"

"நானில்லீங்கக்கா. அவதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது பேர். இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் கல்யாணத்தன்று. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சமாளித்துவிட்டேன்.

"எப்படி ஆச்சுன்னு எழுதட்டும்?" என்றார் ராஜாமணி அக்கா.

புஷ்பம் முந்திக்கொண்டாள். "டவர் கோளாறுன்னு எழுதுங்கக்கா. இல்லீன்னா பருந்து வந்து இடிச்சுருச்சுன்னு எழுதுங்க. மேனேஜரு எங்க பாத்தாரு? அண்ணி ரெண்டு வருசமாக் கஷ்டப்பட்டுச் செஞ்சது, இன்னைக்கோட முடிஞ்சுரக் கூடாது."

அவள் அப்படிப் பேசுவாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. சற்று முன் தலைக்கு மேல் அது போனபோது ரோட்டில் குந்தியிருந்தவள் அவள். ராஜாமணி அக்காவும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டியிருந்தால் எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"வேண்டாங்கக்கா," என்றேன். "நடந்தத எழுதுங்க. பாயில் ஒட்டுனது நாந்தான். மூடியத் தொறந்து வெச்சு டெஸ்ட் பண்ணுனதும் நாந்தான். விடறதுக்கு முன்னால கீழ ஆளு இருக்குதான்னு எட்டிப் பாக்காததும் நாந்தான். எஸ்தர், பேக்கிங் செக்‌ஷன்."

அவர் ஒவ்வொன்றாக எழுதினார். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மேனேஜர் என்னை நேராகக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே போனேன். பறிப்பு இல்லாத நாளில், சுற்றிலும் நடந்து பார்த்துவிட்டு, பறக்கவிட்டுக்கொள்ளலாம் என்றார். பாயிலை அன்றைக்கே உரித்துவிட்டு, உள்ளே மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். அதன்பின் எத்தனையோ தடவை பறந்துவிட்டது. மூடியை மூடி வைத்துச் சோதிக்காமல் ஒரு தடவையும் விட்டதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல. அந்தக் காகிதத்தின் கடைசி வரியைப் பற்றி.

ராஜாமணி அக்கா எழுதி முடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"'...கட்டுப்பாடு இழந்தது. ஏழாம் நம்பர் காட்டில் விழுந்தது. யாருக்கும் பெரிய காயம் இல்லை.' சரியா? கையெழுத்துப் போடு."

நான் பேனாவை வாங்கவில்லை.

"விழுகலீங்கக்கா."

"என்ன?"

"அது விழுகல. நான் எறக்குனேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. காட்டுக்குள்ளதான கெடக்குது?"

"ஒண்ணில்லீங்கக்கா. விழுந்திருந்தா ரோட்டுல விழுந்திருக்கும். தப்பு பூராம் என்னுதுன்னு எழுதிட்டீங்க, சரி. எறக்குனதும் நாந்தான். அதையும் எழுதுங்க."

என் குரல் மேட்டிலிருந்து ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ராஜாமணி அக்கா விமானத்தைப் பார்த்தார். செடிகள் மேல் படர்ந்த இறக்கையைப் பார்த்தார். அதற்கு நேர் எதிரே, நான் நின்ற இடத்தில் மிதிபட்டுக் கிடந்த மண்ணைப் பார்த்தார். பிறகு 'விழுந்தது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதற்கு மேலே, இடம் போதாமல் சின்ன எழுத்தில், 'எஸ்தர் பத்திரமாக இறக்கினார்' என்று எழுதினார்.

பத்திரமாக என்று நான் சொல்லவில்லை. அதை அவரே சேர்த்துக்கொண்டார்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.